நோட்பேடில் நிற்கும் ரெஸ்யூம்: ஆன்லைனில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரெஸ்யூமைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான். ஃபைலைத் திறந்து கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி. அடுத்து நோட்பேடைத் திறந்து கண்ட்ரோல் வி. கலர், கோடு, கட்டம், படம் எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் எழுத்து மிஞ்சும். அதை மேலிருந்து கீழே நிதானமாக வாசியுங்கள். உங்கள் பெயர், தொடர்பு எண், எங்கே எப்போது என்ன வேலை பார்த்தீர்கள் என்பதெல்லாம் அந்த வெறும் எழுத்திலேயே வரிசையாகப் புரிந்தால் ரெஸ்யூம் தேறிவிட்டது.

பெரும்பாலும் தேறாது. பணம் கட்டி டிசைன் செய்த ரெஸ்யூம்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகின்றன. சில வருடங்கள் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திறமை இல்லாததால் தவறிப்போனவர்களைவிட, ஃபைல் சரியாகத் திறக்காததால், ஃபோன் நம்பர் கண்ணில் படாததால் தவறிப்போனவர்களை நினைத்தால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நோட்பேட் சோதனையைச் சுற்றித்தான் வரும்.

சப்மிட் அழுத்தியதும் என்ன நடக்கிறது?

ஓரளவு பெரிய நிறுவனம் என்றால் உங்கள் ஃபைல் நேராக ஒரு மனிதரிடம் போவதில்லை. ஏடிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளுக்குள் போகிறது. வொர்க்டே, கிரீன்ஹவுஸ், லீவர், ஐசிம்ஸ், ஆரக்கிளின் டாலியோ எல்லாம் இந்த வகை. அது ஃபைலிலிருந்து எழுத்தை மட்டும் உருவி, பெயர், மின்னஞ்சல், நிறுவனம், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று தனித்தனிக் கட்டங்களில் நிரப்பப் பார்க்கும். ஆள் எடுப்பவர் பிறகு அந்தக் கிடங்கில் தேடுவார், நாம் கூகுளில் தேடுவதைப் போலவே.

"ரோபோ நம்ம ரெஸ்யூமைக் கிழிச்சுப் போட்டுடுது" என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. நூற்றுக்கு இத்தனை பேரை இயந்திரமே கழித்துவிடுகிறது என்று சொல்லும் எண்களும் சுற்றுகின்றன. அவற்றை வைத்துப் பயப்பட வேண்டாம். இயந்திரம் தானாக ஆளைக் கழிப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: விண்ணப்பத்தின்போது கேட்கப்படும் "இந்த உரிமம் இருக்கிறதா?", "இத்தனை வருட அனுபவம் உண்டா?", "இங்கே வேலை பார்க்க அனுமதி இருக்கிறதா?" போன்ற கேள்விகளில். சில மென்பொருள்கள் பொருத்தத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தவும் செய்கின்றன. மற்றபடி நடப்பது நிராகரிப்பு அல்ல, காணாமல் போவது. தேடலில் நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

தேடலில் வந்துவிட்டால் அடுத்தது மனிதக் கண். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமின் மீதான முதல் பார்வைக்கு 2012இல் சுமார் 6 விநாடி, 2018இல் 7.4 விநாடி என்று வந்தது. ஆக, ஒரே ஃபைல் முதலில் இயந்திரத்துக்குப் புரிய வேண்டும், பிறகு தேடலில் சிக்க வேண்டும், கடைசியில் அவசரத்தில் இருக்கும் ஒரு மனிதரை நிறுத்த வேண்டும்.

படி 1: தாய் ஃபைல் ஒன்றை எழுதிவையுங்கள்

யாருக்கும் அனுப்பாத ஒரு நீளமான ஃபைல். பார்த்த வேலை, படித்த படிப்பு, கற்ற மென்பொருள், செய்த ப்ராஜெக்ட், வாங்கிய சான்றிதழ், எல்லாம் மாதம் வருடத்தோடு அதில் இருக்கட்டும். பத்துப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து ஒன்றிரண்டு பக்கத்தில் அனுப்பும் பிரதியைச் செய்வீர்கள். அனுப்பும் பிரதியையே திருத்தித் திருத்திப் பயன்படுத்துபவர்கள், ஒரு கட்டத்தில் எதை நீக்கினோம் என்றே மறந்துவிடுகிறார்கள்.

படி 2: விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

வேலை விளம்பரத்தில் பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பதவியின் பெயர், மென்பொருள்கள், சான்றிதழ்கள், வேலைமுறைகள். "துடிப்பானவர்", "குழுவோடு ஒத்துழைப்பவர்" போன்றவற்றை விட்டுவிடுங்கள். யாரும் "துடிப்பானவர்" என்று போட்டுத் தேடுவதில்லை.

அடிக்கோடிட்டவற்றில் உங்களிடம் உண்மையிலேயே இருப்பவற்றை, விளம்பரத்தில் உள்ள அதே சொல்லால் எழுதுங்கள். அவர்கள் "பேரோல்" என்று எழுதியிருக்க, நீங்கள் "ஊதியக் கணக்கு" என்று எழுதினால் அர்த்தம் ஒன்றுதான், தேடலுக்கு அது தெரியாமல் போகலாம். சுருக்கப் பெயர், முழுப் பெயர் இரண்டையும் ஒருமுறையாவது எழுதிவிடுங்கள். எஸ்இஓ என்று தேடுபவரும் உண்டு, சர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன் என்று தேடுபவரும் உண்டு.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்துவைக்கும் தந்திரம். இப்போது அதோடு செயற்கை நுண்ணறிவுக்கு "இவரைத் தேர்ந்தெடு" என்று ரகசியக் கட்டளை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நோட்பேடில் ஒட்டினால் வெள்ளை எழுத்து, கறுப்பு எழுத்து என்ற பேதமே கிடையாது. ஏடிஎஸ்ஸும் அப்படித்தான் காட்டும். ஒளித்தது பட்டவர்த்தனமாகத் தெரியும், கூடவே உங்கள் மீதான நம்பிக்கையும் போகும்.

படி 3: வடிவத்தில் அடக்கமாக இருங்கள்

இதில்தான் அதிகம் பேர் மாட்டுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்தை இடது, வலது என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த டெம்ப்ளேட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் "திறன்கள்: எக்செல், எஸ்ஏபி, பேரோல்". வலது பக்கம் "பணி அனுபவம்: கணக்கு உதவியாளர், ஜூன் 2019 – மார்ச் 2022". கண்ணுக்கு அழகாக இருக்கும். எழுத்தை உருவினால் சில சமயம் இப்படி வரும்:

திறன்கள் பணி அனுபவம்
எக்செல் கணக்கு உதவியாளர்
எஸ்ஏபி ஜூன் 2019 –
பேரோல் மார்ச் 2022

இதைப் படிக்கும் இயந்திரம் "எக்செல் கணக்கு உதவியாளர்" என்று ஒரு பதவியை உருவாக்கிவிட்டால் அதன் மேல் குற்றமில்லை. பிடிஎஃப் வடிவத்தை 1993இல் அடோபி கொண்டுவந்ததே, எந்தத் திரையிலும் எந்த அச்சிலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அதற்குள் பெரும்பாலும் இருப்பது "இந்த எழுத்தை, பக்கத்தில் இந்த இடத்தில் வை" என்ற குறிப்புகள். எது பத்தி, எதற்குப் பிறகு எது என்பதை உருவும் மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றை நெடுவரிசையாக எழுதினால் ஊகிக்க எதுவும் இல்லை.

வேர்டில் செய்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. உங்கள் டாக்எக்ஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ளதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல சின்ன ஃபைல்கள் இருக்கும். ரெஸ்யூமின் உடல் ஒரு ஃபைலில் இருக்கும். ஹெடரும் ஃபூட்டரும், அதாவது பக்கத்தின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் எழுதியவை, வேறு ஃபைல்களில் தனியே கிடக்கும். சில மென்பொருள்கள் உடலை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். நம்மில் பலர் பெயரையும் ஃபோன் நம்பரையும் எங்கே போடுகிறோம்? அழகாக ஹெடரில்! நல்ல அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் தொடர்பு விவரக் கட்டங்கள் காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூல ஃபைலைத் திறந்து பார்த்தபோது எண் ஹெடரில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்க்காதவர்கள் எத்தனை பேரோ.

எனவே பெயர், ஃபோன், மின்னஞ்சல் மூன்றும் பக்கத்தின் உடலில், முதல் வரிகளாக. டெக்ஸ்ட் பாக்ஸ் வேண்டாம். ஃபோன் படம், கடித உறைப் படம் போன்ற ஐகான்களும் வேண்டாம், எழுத்தாக மாறும்போது அவை வெறும் கட்டமாகவோ தொடர்பில்லாத எழுத்தாகவோ வரும். எண்ணுக்கு நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துவிடுங்கள்.

திறமையைப் பட்டையாகவும் நட்சத்திரமாகவும் காட்டுவது எனக்குப் புரிந்ததே இல்லை. எக்செலில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்றால் மீதி ஒரு நட்சத்திரத்தில் என்ன தெரியாது? அதற்குப் பதில் "பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், பவர் குவெரி" என்று மூன்று சொல் எழுதினால் தேடலிலும் சிக்கும், படிப்பவருக்கும் விளங்கும்.

தலைப்புகளில் புதுமை காட்டாதீர்கள். "பணி அனுபவம்", "கல்வி", "திறன்கள்" என்று எல்லோரும் எழுதுவதையே எழுதுங்கள். "என் பயணம்" என்று தலைப்புப் போட்டால் அது வேலையா சுற்றுலாவா என்று இயந்திரத்துக்குக் குழப்பம். தேதிகளை மாதப் பெயர், வருடம் என்று ஒரே மாதிரி எழுதுங்கள். 03/04/2021 என்பது ஒருவருக்கு மார்ச் 4, இன்னொருவருக்கு ஏப்ரல் 3. வருடம் மட்டும் போட்டால் இல்லாத இடைவெளி இருப்பதுபோல் தெரியக்கூடும். சமீபத்திய வேலை மேலே, பழையது கீழே.

ஃபாண்ட் சாதாரணமாக இருக்கட்டும். ஏரியல், காலிப்ரி போல, உடலுக்கு 10 முதல் 12 புள்ளி. சில அலங்கார ஃபாண்ட்கள் ஆங்கிலத்தின் எஃப், ஐ எழுத்துகளை ஒட்டி ஒரே வடிவமாக்கிவிடும். நகலெடுத்தால் "ஃபைனான்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் தலையெழுத்தே காணாமல் போயிருக்கும். நோட்பேட் சோதனையில் இது உடனே பிடிபடும்.

தமிழில் ரெஸ்யூம் அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில் தட்டியது திரையில் தமிழாகத் தெரியும். நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் ஃபைலுக்குள் இருப்பது அதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். யூனிகோடாக இருந்தாலும் பிடிஎஃபிலிருந்து உருவும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி உட்காருவது உண்டு. அப்படி ஆனால் டாக்எக்ஸாகவே அனுப்பிவிடுவது நல்லது.

படி 4: வரிகளைச் செதுக்குங்கள்

மேலே முதலில் இரண்டு மூன்று வரிச் சுருக்கம். "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்..." என்று தொடங்கும் குறிக்கோள் வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எழுதியவரைத் தவிர எல்லோருக்கும் மனப்பாடம். அந்த இடத்தில் நீங்கள் யார், எத்தனை வருடம், எதில் கெட்டிக்காரர் என்று சொல்லுங்கள்.

அனுபவப் பகுதியில் பலர் எழுதுவது இப்படி:

"வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பு வகித்தேன். குழுவுடன் இணைந்து பணியாற்றினேன்."

இதைப் படித்தால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதுதான் எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. இப்போது உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை? எதை வைத்து? என்ன செய்தேன்? அதனால் என்ன மாறியது? பதில்களைக் கோத்தால்:

"தினமும் சுமார் 60 புகார்களைத் தொலைபேசியிலும் சாட்டிலும் கேட்டு, ஜென்டெஸ்க்கில் பதிவுசெய்து தீர்த்தேன். அடிக்கடி வரும் 25 கேள்விகளுக்குத் தயார் பதில்கள் எழுதிவைத்தேன். முதல் பதில் போக ஆகும் நேரம் 4 மணியிலிருந்து ஒன்றரை மணியாகக் குறைந்தது."

வேலை அதேதான், ஆனால் இப்போது அதைச் செய்த ஆள் தெரிகிறார். எல்லா வேலைக்கும் இப்படி லாப நஷ்டக் கணக்கு கிடைக்காது, அதற்காக எண்ணைக் கற்பனை செய்யக் கூடாது. நேர்காணலில் "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும். விளைவைச் சொல்ல முடியாவிட்டால் அளவைச் சொல்லுங்கள்: எத்தனை பேர் குழு, வாரத்துக்கு எத்தனை ரிப்போர்ட், எவ்வளவு பெரிய கிடங்கு.

சமீபத்திய வேலைக்கு ஐந்தாறு வரி, அதற்கு முந்தையதற்கு மூன்று, பத்து வருடம் பழையதற்கு ஒரே வரி போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பொழுதுபோக்கும் ஒரு மேலாளரின் ரெஸ்யூமில் இடத்தை அடைக்கத் தேவையில்லை. புதிதாகப் படித்து வருபவர்கள் கல்வியையும் ப்ராஜெக்ட்களையும் மேலே கொண்டுவாருங்கள். இடைவெளி இருந்தால் "குடும்பப் பராமரிப்பு, 2020 – 2021" என்று ஒரு வரியில் சொல்லி நகருங்கள். மறைத்தால்தான் கேள்வி பெரிதாகும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க, நீண்ட வரியைச் சுருக்கக் கேளுங்கள். முழுதாக எழுதச் சொன்னால் மென்மையான, பளபளப்பான, எல்லோருக்கும் பொருந்தும் வரிகள் வரும். அடுக்கில் பத்து பேர் அதே வரிகளோடு நிற்பார்கள். நீங்கள் செய்யாத வேலையையும் அது நம்பிக்கையோடு சேர்த்துவிடும், அதை நேர்காணலில் விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

படி 5: ஃபைலைச் சேமிக்கும்போது

விளம்பரத்தில் எந்த வடிவம் கேட்டார்களோ அது. ஒன்றும் சொல்லாவிட்டால் வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அச்சிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃபும், ஃபோட்டோஷாப்பிலிருந்து படமாக எடுத்ததும் வேண்டாம். அவற்றில் எழுத்தே இல்லை, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. மவுஸால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது படம்.

ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 2" என்ற பெயரில் வரும் ஃபைல்கள் அவர்கள் கணினியில் ஏற்கெனவே ஏராளம்.

யாரும் கவனிக்காத ஒரு மூலை இருக்கிறது. ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து டைட்டில், ஆத்தர் இரண்டையும் பாருங்கள். பிடிஎஃபை ப்ரௌசரில் திறக்கும்போது மேலே டேபில் பெரும்பாலும் தெரிவது ஃபைல் பெயர் அல்ல, அந்த டைட்டில்தான். நண்பரின் ரெஸ்யூமை வாங்கித் திருத்தியவர்களுக்கு அங்கே நண்பரின் பெயரே கம்பீரமாக நிற்கும். போன வாரம் வேறு நிறுவனத்துக்கு எழுதிய தலைப்பும் நிற்கலாம். டாக்எக்ஸ் அனுப்புவதானால் திருத்தங்களைக் காட்டும் ட்ராக் சேஞ்சஸையும் ஓரத்தில் எழுதிய கமென்ட்களையும் நீக்கியாயிற்றா என்று பாருங்கள்.

படமில்லாத ரெஸ்யூம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் உள்ளே ஏதோ படம் ஒளிந்திருக்கிறது.

படி 6: அனுப்புவது

நிறுவனத்தின் தளத்தில் அப்லோட் செய்தால் பல தளங்கள் ரெஸ்யூமைப் படித்துப் படிவத்தைத் தாமே நிரப்பிக் காட்டும். அது எரிச்சலூட்டும் வேலை என்று அவசரமாக நெக்ஸ்ட் அழுத்தாதீர்கள். உங்கள் ரெஸ்யூம் அவர்கள் கணினிக்கு எப்படிப் புரிந்திருக்கிறது என்பதை இலவசமாகக் காட்டும் கண்ணாடி அது. பதவி இருக்க வேண்டிய இடத்தில் கல்லூரிப் பெயர் இருந்தால் அங்கேயே திருத்துங்கள், பிறகு ஃபைலையும் திருத்துங்கள். முன்னே சொன்ன ஆம், இல்லை கேள்விகளுக்கு நிதானமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ரெஸ்யூமை ஒட்டச் சொல்லி ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் கொடுத்தால் நோட்பேட் பிரதியை ஒட்டுங்கள். கறுப்புப் புள்ளி, வளைந்த மேற்கோள் குறி எல்லாம் சில தளங்களில் கேள்விக்குறியாக மாறும். புள்ளிக்குப் பதில் சாதாரணச் சிறுகோடு, பகுதிகளுக்கு இடையே ஒரு காலி வரி.

மின்னஞ்சல் என்றால் சப்ஜெக்ட்டில் பதவி, விளம்பர எண், உங்கள் பெயர். உள்ளே நாலைந்து வரி போதும். வெறும் "பிஎஃப்ஏ" (இணைப்பைப் பார்க்கவும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதி அனுப்புவது கதவைத் தட்டிவிட்டு ஓடுவதற்குச் சமம். முதலில் ஃபைலை இணையுங்கள், பிறகு எழுதுங்கள், கடைசியில்தான் பெறுநர் முகவரியைத் தட்டுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஃபைல் இல்லாத மின்னஞ்சல் போகவே போகாது. அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி ஃபோனில் திறந்து பாருங்கள். லிங்க்கள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் இங்கேதான் முக்கியம். அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், வங்கி விவரம், முழு வீட்டு முகவரி எதுவும் ரெஸ்யூமில் வேண்டாம். போலி விளம்பரம் போட்டு விவரம் சேகரிப்பவர்களுக்கு ரெஸ்யூம் என்பது தட்டில் வைத்துக் கொடுத்த விருந்து. ஊரும் நாடும் போதும். புகைப்படமும் பிறந்த தேதியும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் இரண்டையும் தவிர்ப்பதே வழக்கம். ஜெர்மனியில் படம் வைப்பவர்கள் இன்றும் உண்டு.

படி 7: அனுப்பிய பிறகு

ஒரு ஷீட்டில் தேதி, நிறுவனம், பதவி, அனுப்பிய ஃபைலின் பெயர், விளம்பரத்தின் முழு வாசகம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். விளம்பரத்தின் லிங்க்கை மட்டும் வைத்தால் போதாது, ஆள் எடுப்பது முடிவதற்குள் அந்தப் பக்கம் மறைந்துவிடும். ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பாருங்கள். நேர்காணல் அழைப்பு பல நேரம் அந்த மென்பொருளே அனுப்பும் மின்னஞ்சலாக வரும், அது அங்கே போய் ஒளிந்துகொள்ளும். லிங்க்ட்இன் பக்கத்தில் உள்ள பதவிகளும் தேதிகளும் ரெஸ்யூமோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

ஆறு வாரம் கழித்து, நீங்கள் மறந்தே போன ஒரு மத்தியானத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். "உங்க ரெஸ்யூமைப் பார்த்தோம், அந்தத் தயார் பதில்கள் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்பார்கள். எந்த நிறுவனம், எந்தப் பிரதி என்று தேடி நெற்றியைச் சொறிய வேண்டாம். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு அந்த ஷீட்டைத் திறங்கள்.